முருகானந்தத்தின் ஆறாயிரம் கிலோமீட்டர்

முருகானந்தத்திடம் பீடி கிடையாது, குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப யோசித்துப் பார்க்க மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களையாவது நாலாவது காலைக் காட்டி மடக்கலாம். முருகானந்தம் அந்த நாலாவது காலையும் பார்த்துவிட்டு, "அது வாலுங்க" என்பார்.

பிறந்தது மலைமேல் ஆலத்தூர் நாட்டில், மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பதினேழு வயதில் மலையிறங்கி நாமக்கல் லாரிப் பட்டறையில் சேர்ந்தார். பதினோரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டார். இப்போது நாற்பத்தாறு வயது. மலைமேல் ஓடுகிற பைக்குகளில் முக்கால்வாசி அவர் கைபட்டவை. ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே யார் வண்டி, என்ன கோளாறு என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மனைவி சங்கீதா திருப்புலி நாட்டுப் பெண். கல்யாணமான மறுவருஷமே கொட்டகைக்கு வந்துவிட்டாள். பஞ்சர் ஒட்டுவாள், செயின் மாட்டுவாள், பிரேக் கட்டை மாற்றுவாள். இஞ்சின் போல்ட் ஒன்றைக்கூடத் தொட முருகானந்தம் விட்டதில்லை. குறிப்பாக ஆயில் வடிக்கிற அடி போல்ட். "அத அதிகமா முறுக்குனா மரை போயிரும், கம்மியா முறுக்குனா ஆயில் போயிரும்" என்பார். "முறுக்கு நின்ன எடத்துல இருந்து கால் சுத்து. அது கைக்குத்தான் தெரியும்." எந்தக் கைக்கு என்று சொல்ல மாட்டார். பதினாறு வருஷமாக டார்ச் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் சங்கீதா.

அவருடைய பெயர் மலை முழுக்கப் பரவியது அண்ணாமலையின் வண்டியால். அண்ணாமலை சோளக்காட்டுக்காரர். பைக்கில் வாழைத்தாரும் அன்னாசியும் கட்டி அடிவாரத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, மளிகைச் சாமான் ஏற்றி வருகிறவர். ஒருநாள் அவர் வண்டி வளைவில் ஏற மறுத்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இஞ்சின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. மூன்று பேர் பார்த்து, கிளட்ச் தட்டுப் போய்விட்டது என்று மூன்று தடவை தட்டை மாற்றினார்கள். முருகானந்தம் ஸ்பேனரைத் தொடவேயில்லை. ஆயில் மூடியைத் திறந்து விரலில் தொட்டு மோந்தார்.

"மாமா, இது எங்கிருந்து வந்த ஆயிலுங்க?"

அருவி பார்க்க வந்த கார்க்காரர் ஒருவர் மீதியிருந்த விலை உயர்ந்த ஆயில் டப்பாவை அண்ணாமலைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல சரக்காயிற்றே என்று அண்ணாமலை ஊற்றிவிட்டார். காரில் இஞ்சினுக்கு ஒரு ஆயில், கியருக்கு வேறு ஆயில். பைக்கில் அப்படி இல்லை, ஒரே ஆயில்தான் இஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச் தட்டுக்கும். கார் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அதில் சேர்க்கிற சமாச்சாரம் பைக்கின் கிளட்சைப் பிடிக்கவே விடாது. முருகானந்தம் அதை வடித்து, பைக்குக்கு உரியதை ஊற்றினார். வண்டி ஏறியது. அன்றிலிருந்து ஆயில் என்றால் முருகானந்தம் சொன்னதே வேதவாக்கு.

வேதவாக்கு என்று நாலு பேர் சொன்னால் சொல்கிறவர் என்ன ஆவார்? இன்னும் சத்தமாகச் சொல்வார். முருகானந்தமும் அப்படித்தான் ஆனார். மலைக்குச் சாதா ஆயில் ஆகவே ஆகாது, ஏற்றத்தில் இஞ்சின் கொதிக்கும், அந்தச் சூட்டில் சாதா ஆயில் சத்துக்கெட்டுப் போகும், விலை கூடின செயற்கை ஆயிலான சிந்தெடிக்தான் தாங்கும், வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அதையே ஊற்ற வேண்டும். யார் வந்து எந்த ஆயில் நல்லது என்று கேட்டாலும், கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் சென்னியப்பன். அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் சொந்தக் காடு, ஒரு டிராக்டர், ரோட்டோரம் ஒரு ஆயில் கடை. அறுபதைத் தாண்டியவர். சந்தை நாளில் பலாப்பழம் வாங்கச் சோளக்காட்டுக்கு வருவார். பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சந்தைக்கு வந்திருக்கிற முருகானந்தத்தையும் ஒரு தட்டுத் தட்டுவார்.

"ஏண்டா முருகா, ஆயில்னா ஆயிலுதான். அதுல என்ன ஒசத்தி? தோசைக்கு எந்த எண்ணெய ஊத்துனாலும் தோச வேகுந்தானே?"

"உங்க தோசக்கல்லு எழுவது பெண்டு வளைஞ்சு வளைஞ்சு மலை ஏறுதுங்களாண்ணா?"

சந்தை சிரித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். சென்னியப்பனும் சிரித்துவிட்டு, "நாஞ் சாதா ஆயில வித்தே எம்பட மூணு புள்ளைகளக் கட்டிக் குடுத்தேன். ஒரு வண்டியும் நின்னதில்ல. மூணு மடங்கு வெலைக்கு அத ஊத்தச் சொல்லி இந்தச் சனங்கள ஏமாத்தாத சாமி" என்றார்.

ஏமாற்றுகிறான் என்ற சொல்தான் முருகானந்தத்தைச் சுட்டது. முகம் கறுத்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த மனுஷன்தான். ஆனாலும் வாயைத் திறந்தார்.

"பெரியசாமி மேல ஆணைங்ணா! சிந்தெடிக் ஊத்துன வண்டி நம்ம மலையில ஆறாயிரங் கிலோமீட்டரு ஓடும். இஞ்சின்ல ஒரு சத்தம் வராது. வந்துச்சுன்னா இந்தக் கை இனி ஸ்பேனரத் தொடாது!"

இந்த மலையில் கோபத்தில் ஆயிரம் சொல்லலாம், யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மலையைக் காக்கிற பெரியசாமி பெயரைச் சொல்லிவிட்டால் கதை வேறு. அதைச் சொல்லிவிட்டுத் தவறினவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். சென்னியப்பனே பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் சாமி, இதுக்கெல்லாம் போயி..."

"சொன்னது சொன்னதுதானுங்ணா."

சங்கீதாவுக்குச் சேதி கொட்டகைக்கே வந்து சேர்ந்தது. "ஏனுங்க, பெரியசாமியக் கேட்டீங்க, சரி. என்னையக் கேட்டீங்களா? ஸ்பேனரு உங்க கையில இருந்தாலும் சோறு ரெண்டு பேரு தட்டுலயும் இருக்குதுங்க" என்றாள். பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

போட்டிக்கு இரண்டு வண்டி வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே வேலை. அண்ணாமலையின் வண்டி ஒன்று. அதே சோளக்காட்டில் அதே சுமை தொழில் செய்கிற யுவராஜின் வண்டி இன்னொன்று. யுவராஜுக்கு முப்பத்திரண்டு வயது, முருகானந்தத்துக்கு ஒரு வகையில் மருமகன் முறை. எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்பதை மனுஷர் தீர்மானிக்கக் கூடாது என்று சாமி முன்னால் பூப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எடுத்ததில் யுவராஜுக்குச் சிவப்பு வந்தது. சிவப்பு சிந்தெடிக், வெள்ளை சாதா. முருகானந்தம் தன் வாயாலேயே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"ஆறாயிரம் வரைக்கும் யாரும் மூடியத் தெறக்கக் கூடாது. ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்கக்கூட உருவிப் பாக்கக் கூடாது. நடுவுல ஊத்துனேன், கிளறுனேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

நாலு மாதம் இரண்டு வண்டியும் தினமும் எழுபது வளைவு இறங்கி, எழுபது வளைவு ஏறின. முதல் மூன்று மாதம் முருகானந்தம் நிம்மதியாகத் தூங்கினார். நாலாவது மாதத்தில் ஒரு காலை டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். ரோட்டில் யுவராஜின் வண்டி போனது. இஞ்சின் தலைக்குள் மெல்ல டக், டக், டக். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டுவிட்டது. அந்தக் காதை வைத்து எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொன்னவர், தனக்கு வந்த தீர்ப்பை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் மென்று விழுங்கினார். பயம்தான். வேறென்ன?

ஆறாயிரம் ஆன அன்றைக்குக் கொட்டகை முன்னால் கூட்டம். சென்னியப்பனும் மலையேறி வந்திருந்தார். முருகானந்தம் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதலில் அண்ணாமலையின் வண்டியைத் திறந்தார். சாதா ஆயில் தேன் நிறம் மாறிப் பழுப்பாக இருந்தது, ஆனால் அளவு குறையவில்லை, விரலில் கொழகொழவென்று நின்றது. ஊற்றி மூடிவிட்டு யுவராஜின் வண்டிக்குப் போனார். கரேலென்று, தண்ணீராக இறங்கியது. பாதித் தட்டுக்கூட நிறையவில்லை. அந்த டக், டக்குக்கு இனி வேறு சாட்சி வேண்டாம். இறங்கவேண்டியது எல்லாம் இறங்கி, கடைசியில் சொட்டாக நின்றது.

முருகானந்தம் ஸ்பேனரைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பழைய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எழுந்து இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

வண்டி அடி போல்ட் இல்லாமல் நின்றது. யுவராஜ் போல்ட்டைப் பார்த்தான், முருகானந்தத்தைப் பார்த்தான். அவர் அசையவில்லை. சங்கீதாதான் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். போல்ட்டைக் கையால் திருகி ஏற்றி, ஸ்பேனரை மாட்டினாள்.

"முறுக்கு நின்ன எடத்துல இருந்து..." என்றார் முருகானந்தம்.

"கால் சுத்து. தெரியுமுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

கொட்டகைக்குத் தகரப் படல் சாத்தப்பட்டது. வண்டிகள் வேறு இடம் தேடிப் போயின. ஊர் சும்மா இருக்குமா? "ஆயிலு டாக்டரு மெளகுக்கொடிக்கு என்ன ஆயிலு ஊத்தறாரு?" என்று கேட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அண்ணாமலை ஆறுதல் சொன்னார், அது கேலியைவிட அதிகமாக வலித்தது. முருகானந்தம் மரவள்ளிக் காட்டில் நின்றார். கை என்னவோ களைக்கொத்தைப் பிடித்திருந்தது, மனம் இஞ்சினுக்குள் கிடந்தது.

அவர் ஆணையிலிருந்து தப்ப வழி தேடவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஊர் அப்படித்தான் நினைத்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற சாதி என்று நினைத்தது. அவருக்கு வேண்டியது வேறு. ஆயிலிலும் கோளாறு இல்லை, வண்டியிலும் கோளாறு இல்லை, பூவிலும் கோளாறு இல்லை. அப்புறம் எங்கே?

"நாந் தோத்தது தோத்ததுதான். ஆனா ஏன் தோத்தேன்னு தெரியாம சாவ மாட்டேன்" என்றார் சங்கீதாவிடம்.

"சாவறதுக்கு முன்னால அந்த ரெண்டு வரிசை மரவள்ளியப் புடுங்கிப் போட்டுருங்க" என்றாள் அவள். ஆனால் மறுநாள் காலை அவர் எழுந்தபோது தூக்குப்போசியில் சோறு கட்டி வைத்திருந்தாள்.

மூன்று நாள் யுவராஜின் வண்டியில் சுமையோடு சுமையாகப் பின்னால் உட்கார்ந்து இறங்கினார், ஏறினார். எத்தனை மூட்டை, எந்த வளைவில் எந்தக் கியர், எங்கே நிற்கிறான், எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் அண்ணாமலையின் வண்டியில் உட்கார்ந்தார்.

சோளக்காடு தாண்டி இறக்கம் தொடங்குகிற இடத்தில் அண்ணாமலை சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தினார். வண்டி சத்தமில்லாமல் நழுவிக்கொண்டு இறங்கியது. காற்று சுகமாக முகத்தில் அடித்தது. வளைவு வந்தபோது அண்ணாமலை ஹாரனுக்குப் பதிலாக "ஓய்ய்" என்று வாயால் குரல் கொடுத்தார். முருகானந்தத்துக்கு இதில் எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. மலைக்காரர் யாருக்கும் அது விசேஷமாகத் தெரியாது. இறக்கத்தில் வண்டி தானே போகும், எதற்குப் பெட்ரோலை எரிப்பது? வண்டி வந்த நாளிலிருந்து மலையே இப்படித்தான் இறங்குகிறது. அவரும் பதினெட்டு வருஷமாக இப்படித்தான் இறங்குகிறார்.

மூன்றாவது வளைவில் முன்னால் ஒரு வண்டி, மூன்று நாள் கூடவே இருந்தபோது உறைக்காத சத்தத்தோடு, இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு போனது. யுவராஜ்.

"அவன் ஏன் மாமா சத்தமா எறங்கறான்?" என்று கேட்ட முருகானந்தத்தின் கண் தற்செயலாக அண்ணாமலையின் தோளைத் தாண்டி மீட்டரில் விழுந்தது. இஞ்சின் செத்துக் கிடக்கிறது. மீட்டரில் எண் புரண்டது. இன்னொரு எண் புரண்டது.

"நிறுத்துங்க மாமா! நிறுத்துங்க!"

அண்ணாமலை பதறிப் பிரேக் பிடித்தார். "என்னடா, பாம்பா?"

"எறங்கறப்ப எப்பவுமே ஆஃப் பண்ணிருவீங்களா?"

"இதென்னடா கேள்வி? நீ பண்ண மாட்டியா?"

"பண்ணுவேன்" என்றார் முருகானந்தம். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மீட்டர் முன்சக்கரத்தைக் கேட்டு ஓடுகிறது, இஞ்சினைக் கேட்டு ஓடுவதில்லை. அண்ணாமலையின் ஆறாயிரத்தில் மூவாயிரம் இஞ்சின் தூங்கிக்கொண்டே வந்தது. யுவராஜின் ஆறாயிரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடத் தூங்கவில்லை. அதோடு கியரில் இழுத்துப் பிடித்து இறக்குகிற இஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் குடிக்கும். அது பட்டறையில் படித்த பாடம். டிப்ஸ்டிக்கைப் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். பார்க்கக் கூடாது என்று சொன்ன புத்திசாலி யார்?

அடிவாரத்தில் யுவராஜைப் பிடித்தார். "நீ ஏண்டா ஆஃப் பண்ணாம எறங்கற?"

யுவராஜ் விழித்தான். "நீங்கதானுங்க மாமா சொன்னீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால பிரேக்கு சூடாகி நாஞ் செவுத்துல முட்டுனப்ப, இனிமே சுமையோட எறங்குனா கியருலதான் எறக்கோணும், இல்லீன்னா வண்டியத் தொட மாட்டேன்னு வஞ்சீங்களே."

மலை முழுக்க ஒருவன்தான் அவர் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறான். பூ அவனைப் பார்த்து விழுந்திருக்கிறது. முருகானந்தம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நேரே சென்னியப்பன் வீட்டுக்கு நடந்தார். சண்டை போடவா, சமாதானம் பேசவா என்று அவருக்கே தெரியாது. சென்னியப்பன் களத்தில் டிராக்டருக்கு அடியில் தட்டை வைத்து ஆயில் வடித்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி, உக்காரு. இருநூத்தம்பது மணி ஆயிருச்சு, மாத்தீரலாம்னு."

"மணியா?"

"பின்னே? உழவு ஓட்டற வண்டிக்கு எங்க போயிக் கிலோமீட்டரப் பாக்கறது? அது நின்ன எடத்துல நின்னாலும் இஞ்சின் ஓடுதில்ல? எத்தன மணி ஓடுச்சுன்னு மீட்டரே சொல்லும்."

முருகானந்தம் டிராக்டரின் மணி மீட்டரைத் தடவிப் பார்த்தார். பிறகு நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சென்னியப்பன் ஆயில் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது, "அப்ப நாஞ் செயிக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலீங்ணா. இன்னொரு தடவ பாத்துருவோம்."

பிளக் வயரில் சுற்றினால் இஞ்சின் ஓடுகிற நேரத்தை மட்டும் எண்ணுகிற சின்ன மணி மீட்டர் இரண்டு நாமக்கல்லிலிருந்து வந்தன. இந்தத் தடவை ஆயிலை மாற்றிப் போட்டார்கள். அண்ணாமலைக்குச் சிந்தெடிக், யுவராஜுக்குச் சாதா. இரண்டு பேரும் கியரில்தான் இறங்க வேண்டும். அண்ணாமலை முதலில் குதித்தார். "பெட்ரோல உங்கொப்பனா ஊத்துவான்?" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஒப்புக்கொண்டார்.

யுவராஜின் இஞ்சினை முதலில் சரிபண்ண வேண்டியிருந்தது. ஸ்பேனர் பிடிக்க முருகானந்தத்துக்குக் கையில்லை. சங்கீதா பிடித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் இஞ்சின் தலையைக் கழற்றினாள், தேய்ந்துபோன உருப்படிகளை எடுத்தாள், புதியதை மாட்டினாள். நடுவில் ஒருதரம் அவர் பதற்றத்தில் குனிந்து கையை நீட்டிவிட்டார். அவள் ஸ்பேனரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆணை" என்றாள்.

அவர் கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். அந்த விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்ததை அவளும் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் இஞ்சின் ஒரே உதையில் பிடித்து, தலையில் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியபோது அவளுக்கு வந்த சந்தோஷம் பதினாறு வருஷச் சந்தோஷம். அதை மறைக்க அவளால் முடியவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அவளே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாள், குறைந்ததை ஊற்றினாள், மணியைச் சுவரில் கரியால் எழுதினாள். எண்பது மணியில் யுவராஜ் கியர் இறுகுகிறது என்றான். தொண்ணூறில் இஞ்சின் முணுமுணுக்கத் தொடங்கியதும் வடித்துவிட்டார்கள். சாதா ஆயில் அவ்வளவுதான். அண்ணாமலையின் வண்டி நூறைத் தாண்டியது, நூற்றிருபது, நூற்று நாற்பது. நூற்றைம்பதாவது மணியில்தான் முருகானந்தம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "போதுமுங்க மாமா" என்றார்.

அடுத்த சந்தையில் சென்னியப்பன் பலாப்பழத்தைத் தட்டாமல் நேரே வந்து முருகானந்தத்தின் முன் நின்றார். பையிலிருந்து ஒரு புது ஸ்பேனரை எடுத்து நீட்டினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நாஞ் செயிக்கல. மொதப் போட்டி போட்டியே இல்ல. இப்பப் பாத்தாச்சு, உன்ற ஆயிலுதான் தாங்குது. நீ ஏமாத்தறேன்னு நாஞ் சொன்னதும் தப்பு. எடு சாமி, வெச்சுக்க."

கூட்டம் சந்தோஷப்பட்டது. கேலி பேசினவர்களே முதலில் கை தட்டினார்கள், கையில் பழுதான வண்டியை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லவா. முருகானந்தம் ஸ்பேனரைப் பார்த்தார். அது பதினேழாம் நம்பர். வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சங்கீதாவிடம் மட்டும் சொன்னார், அதுவும் ரொம்ப நாள் கழித்து.

"நூத்தம்பது மணிக்கு அந்த வண்டி ஓடுனது நாலாயிரத்தி எம்பது கிலோமீட்டருங்ணா. நாஞ் சொன்னது ஆறாயிரம்."

"அதை இப்ப யாருடா கேட்டா?"

"பெரியசாமி கேட்டாருங்ணா. உங்க முன்னாலதான் சொன்னேன்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அதுவரை அவர் வாயிலிருந்து அந்த மலை கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார்.

"தப்பு. எல்லாரும் சிந்தெடிக்தான் ஊத்தோணும்னு நாஞ் சொன்னது தப்புங்க. சுமையில்லாம, ஊருக்குள்ள ஓட்டறவங்களுக்குச் சாதா ஆயிலே போதும், எம்பது மணியில மாத்துனாச் சரி. தெனமும் சுமையோட ஏறி, கியருலயே எறங்கற வண்டிக்குத்தான் மத்தது வேணும். மூடியத் தெறந்து அளவப் பாருங்க. சுமையோட வர்றப்ப தயவுசெஞ்சு ஆஃப் பண்ணி எறக்காதீங்க. எப்படி ஓட்டறீங்கன்னு நான் முன்னாலயே கேட்டுட்டு, அப்புறம் சொல்லியிருக்கோணும்."

சென்னியப்பன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "அப்ப இதை என்ன பண்றது?"

முருகானந்தம் பக்கத்தில் நின்ற சங்கீதாவைக் காட்டினார். "அதுக்கு ஆணை கெடையாதுங்ணா."

சங்கீதா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். அவளைக் கேட்டுவிட்டு அவர் சொல்லவில்லை, அவரைக் கேட்டுவிட்டு அவளும் வாங்கவில்லை. அது அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கோபத்தை மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தகரப் படல் திறந்தது. முதலில் வந்தவர் திருப்புலி நாட்டிலிருந்து ஒரு விவசாயி, வெறும் வண்டியோடு. இறங்கியதும் பழைய கேள்வியையே கேட்டார்.

"ஏனுங்க, எந்த ஆயிலு ஊத்துனா நல்லாயிருக்கும்?"

பல வருஷமாக அந்தக் கேள்வி முடியுமுன் வந்துகொண்டிருந்த பதில் முருகானந்தத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்து உள்ளே தள்ளினார். அவர் கேட்க நினைத்ததை வண்டிக்கு அடியிலிருந்து சங்கீதா கேட்டாள்.

"எறங்கறப்ப வண்டிய ஆஃப் பண்ணுவீங்களா, ஓடவிட்டே எறக்குவீங்களா?"

"நான் எங்கீங்க மலைய எறங்கறேன்? காட்டுக்கும் ஊட்டுக்குந்தான் ஓட்டறேன்."

"சுமை?"

"நானும் எம் பொண்டாட்டியும்."

சங்கீதா அலமாரியைப் பார்த்தாள். முருகானந்தம் மூச்சுவிடாமல் அவள் கையைப் பார்த்தார். அது சாதா ஆயில் டப்பாவை எடுத்தது. சரிதான் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் தன்னைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்து பேசாமல் இருந்தார்.

அவள் பழையதை வடித்தாள். போல்ட்டை ஏற்றினாள். முறுக்கு நின்ற இடத்திலிருந்து கால் சுற்று. டப்பாவின் மூடியைத் திருகிவிட்டு இரண்டு கையும் ஆயிலாக நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே முருகானந்தம் புனலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க..." என்றாள் அவள், சந்தேகமாக.

"ஸ்பேனரத்தான் தொட மாட்டேன்னு சொன்னேன்" என்றார் முருகானந்தம். "புனலப் பத்திப் பெரியசாமிகிட்ட ஒண்ணும் பேசல."

ஆயில் ஒரு லிட்டரும் இறங்கி முடிகிற வரைக்கும் இரண்டு கையாலும் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.